பாலர் பள்ளிப் பருவம்

வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடும் பிள்ளையே பள்ளிக்கு ஏற்றதென்பது நம்மவரின் பழைய சோதனை. தலையினும் கை விரைந்து வளர்தலால், ஆறேழு வயதளவில் விரல் காதை எட்டும். பிறப்புப் பதிவில்லாத பிள்ளையின் வயதைக் குறிப்பாயறிய அது உதவியது. ஆயின் மூன்று வயதில் முன்பள்ளி புகும் பாலர்க்கு அச்சோதனை பயன்படாது.

கண்டி நகரத்துப் பெற்றோர் பலர் எழுத்தும் எண்ணும் ஒப்பிப்பதையே தகுதியெனக் கருதுவர். கிளியும் ஒப்பிக்குமன்றோ! 1939இல் அடையாற்றில் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மொண்டிசோரி அம்மையார், பொத்தானிடுதல், நீர் வார்த்தல் முதலிய சிறுபணிகளைப் பிள்ளை தானே செய்வதைப் பெரிதும் போற்றினார். தாகத்தையும் மலசல உபாதையையும் உணர்த்த வல்லதா, தாய் அகன்றபின் அழுது ஓய்ந்து விளையாட்டிற் கலக்கின்றதா என்பனவே நோக்கத்தக்கன. முதல்நாள் அழுகை ஒரு குறையன்று.

அந்தானை, கலகா மலைத்தோட்டங்களிற் கொழுந்தெடுக்கும் தாயர், கைக்குழந்தைப் பருவத்திலேயே பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வர். பிரிவும் பிறரோடு கூடியுண்டலும் அப்பிள்ளைக்குப் பழக்கமானவை. எனினும் நகரத்து முன்பள்ளியில், சிங்களமோ ஆங்கிலமோ செவியில் விழ, அது வாய்மூடி நிற்கும். அம்மௌனத்தை மந்தமென்று கொண்டு திருப்பியனுப்புதல் பெரும்பிழை. செவிப்புலன் குன்றியதோ எனப் பார்த்து, வீட்டில் எவ்வாறு பேசுகின்றதென்பதைத் தாயிடம் கேட்டறிந்த பின்னரே ஆசிரியர் ஒரு முடிவுக்கு வரலாம்.