மஞ்சள் உறை வந்தால் உடனே பிரியுங்கள்

ஜெர்மனியில் அஞ்சல்காரர் சில நேரம் அலுவலக முடிவு அடங்கிய மஞ்சள் நிற உறை ஒன்றைக் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். உறையின் மேல் அன்றைய தேதியை எழுதியிருப்பார். அன்றே கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. அன்று நீங்கள் ஊரில் இருந்தீர்களா, உறையைப் பிரித்தீர்களா, உள்ளே இருந்த ஜெர்மன் புரிந்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதற்குப் பதில் தருவதற்கான கெடு ஓடத் தொடங்கிவிடும்.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் 2022-23 முதல் இந்தியர்களே அதிகம். கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழை வாங்குவதில் தொடங்கி, ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போடுவது, விசா வாங்குவது என்று புறப்படும் வரை எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகச் செய்கிறார்கள் நம் பிள்ளைகள். போய்ச் சேர்ந்த பின் வரும் கடிதங்களைத்தான் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைக்கிறார்கள். அலுவலகத்துக்கு நேரில் போய், நிலைமையை எடுத்துச் சொல்லி, காரியத்தை முடித்துப் பழகியவர்கள் நாம். அங்கே எழுத்தில் இல்லாதது நடக்காததற்குச் சமம்.

கடிதப் பெட்டியில் பெயர்

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதத்தோடு நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். கடிதப் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவதும் அதே அளவு முக்கியம். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வீடு மாறினால் நகர அலுவலகம், பல்கலைக்கழகம், வங்கி, காப்பீட்டு நிறுவனம் என நான்கு இடத்திலும் புதிய முகவரியைத் தெரிவியுங்கள்.

சறுக்கும் இடங்கள் மூன்று

முதலாவது, அடுத்த பருவத்துக்கான மறுபதிவு. ஜெர்மனில் ‘ரூக்மெல்டுங்’. குறித்த நாளுக்குள் பருவக் கட்டணம் செலுத்தாவிட்டால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடலாம். பெயர் நீங்கினால் மாணவருக்கான தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும்.

இரண்டாவது, தேர்வு நாளில் வரும் காய்ச்சல். எழுதப் போகாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது தோல்வியாகப் பதிவாகும். அன்றே மருத்துவரைப் பார்த்து, சான்றைத் தாமதமின்றித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த வகைச் சான்று, எத்தனை நாளுக்குள் என்பது உங்கள் துறையின் தேர்வு விதிகளில் இருக்கும். பல துறைகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பே கைநழுவிப் போகலாம். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு அறிவிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, தங்கும் அனுமதி. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கப் பல வாரங்கள் ஆகலாம். பயப்படத் தேவையில்லை, ஆனால் பழைய அனுமதி முடிவதற்குள் புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அப்படி விண்ணப்பித்தால், முடிவு வரும் வரை பழைய அனுமதியே நீடிப்பதாகச் சட்டம் கொள்கிறது. அதற்குச் சான்றாக ‘ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்’ என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பம் சேர்ந்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேலை நாள்களின் வரம்பையும் கவனியுங்கள்: ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். மீறினால் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது?

பாதகமான முடிவு வந்ததும் பலர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இடிந்துபோகிறார்கள். கடைசிப் பத்தியைப் படியுங்கள். இந்த முடிவை எதிர்த்து எங்கே, எப்படி, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று அதில் எழுதியிருப்பார்கள். வழக்கமாக ஒரு மாதம். சில மாநிலங்களில் ‘விடர்ஷ்ப்ருக்’ எனும் ஆட்சேபத்தை முடிவெடுத்த அலுவலகத்துக்கே எழுத வேண்டும். சிலவற்றில் நேரே நிர்வாக நீதிமன்றம் போக வேண்டும். அந்தப் பத்தியே இல்லையென்றாலும், தவறாக இருந்தாலும், கெடு ஓராண்டாக நீளும்.

ஆட்சேபத்துக்கு இரண்டு வரி போதும்: இன்ன தேதியிட்ட முடிவை ஆட்சேபிக்கிறேன், காரணங்களைப் பின்னர் அனுப்புகிறேன். கையெழுத்திட்டுப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். சாதாரண மின்னஞ்சல் போதாது. தங்கும் அனுமதி மறுக்கப்பட்டால் மட்டும் இன்னும் வேகம் வேண்டும். அங்கே ஆட்சேபம் எழுதியதாலேயே மறுப்பு நின்றுவிடாது. அன்றே வழக்கறிஞரை நாடுங்கள்.

மருத்துவமனையில் கிடந்தது போல உங்கள் தவறில்லாத காரணத்தால் கெடு தாண்டிவிட்டதா? தடை நீங்கிய இரண்டு வாரத்துக்குள், முறையீட்டைச் சான்றோடு சேர்த்து அனுப்பி, தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்.

உதவி அருகிலேயே இருக்கிறது

பருவக் கட்டணத்தில் ஒரு பங்கு மாணவர் சேவை நிறுவனத்துக்குப் போகிறது. உணவகமும் விடுதியும் நடத்தும் அந்த நிறுவனமே பெரும்பாலும் இலவச ஆலோசனையும் தருகிறது. பல பல்கலைக்கழகங்களில் ‘ஆஸ்டா’ எனப்படும் மாணவர் அமைப்பு சட்ட ஆலோசனை வழங்குகிறது. கையில் பணமில்லாதவர்கள், பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு வாங்கினால், வழக்கறிஞருக்கு 15 யூரோ கொடுத்து ஆலோசனை பெறலாம்.

இவையெல்லாம் யாரும் இரக்கப்பட்டுத் தரும் சலுகைகள் அல்ல, உங்கள் உரிமைகள். ஆனால் கேட்பவருக்கு மட்டுமே, கெடுவுக்குள் கேட்பவருக்கு மட்டுமே கிடைக்கும். இதுவரை வந்த கடிதங்களையெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி, ஒவ்வொன்றின் உறையையும் அதோடு இணைத்து, கடைசி நாளைச் சிவப்பில் குறித்துவையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சிக்கல் வந்ததை வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்தே பல பிள்ளைகள் கடிதத்தை மறைக்கிறார்கள். அப்படிக் கழியும் நாள்களில்தான் கெடு முடிந்துபோகிறது. அடுத்த முறை தொலைபேசியில் “சாப்பிட்டியா?” என்று கேட்கும்போது, “கடிதம் ஏதாவது வந்துச்சா?” என்றும் கோபமில்லாமல் கேளுங்கள்.