குழந்தைகளை வதைக்கும் படங்கள்: இணைய நிறுவனங்கள் தடுத்தால் போதுமா?

2015 ஆகஸ்ட் முதல் வாரம். நாடு முழுக்கப் பலருக்கும் ஆபாசத் தளங்கள் திடீரென்று திறக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கை ஒட்டி, 857 தளங்களை முடக்கச் சொல்லி இணையச் சேவை நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருந்தது. நகைச்சுவைத் தளங்கள்கூட அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டன. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே அரசு இறங்கிவந்தது: குழந்தைகளின் ஆபாசப் படங்கள் இல்லாத தளங்களைத் திறந்துவிடலாம்!

எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று யார் பார்த்துச் சொல்வது? ‘எங்களால் முடியாது’ என்று நிறுவனங்கள் கைவிரித்துவிட்டன.

சாக்குப்போக்கு மாதிரி தெரியும். ஆனால், அதில் நியாயமும் உண்டு. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதுதான் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே எந்தப் படத்தைத் திறக்கிறீர்கள் என்பது தெரியாது. உறை மேல் இருக்கும் முகவரியை மட்டும் படிக்க முடிகிற தபால்காரர் நிலைமைதான். ஒரு படத்தைத் தடுக்க வேண்டுமானால் தளத்தையே மூட வேண்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் என்றால் மொத்தச் சேவையையும்!

பக்கம் பக்கமாகத் தடுக்க முடிந்த காலத்திலும் குளறுபடி நடந்திருக்கிறது. பிரிட்டனில் இத்தகைய பக்கங்களின் பட்டியலைத் தயாரிப்பது ‘இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு. 2008 டிசம்பரில் விக்கிபீடியா பக்கம் ஒன்று அதில் சேர்ந்தது. காரணம், ஜெர்மன் ராக் குழு ஒன்றின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டு அட்டைப்படம். தடுப்பதற்காக விக்கிபீடியா போக்குவரத்து முழுவதையும் நிறுவனங்கள் ஒருசில கணினிகள் வழியாகத் திருப்பிவிட, அங்கே பலரால் எந்தக் கட்டுரையையும் திருத்த முடியாமல் போனது. நான்கு நாளில் தடை விலகியது.

சரி, அப்போ தடையே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. தற்செயலாக அந்தப் பக்கம் போகிறவரைத் தடை நிறுத்தும். கவனமாகச் சரிபார்த்த பட்டியல் என்றால் பயன் உண்டு. ஆனால், தேடிப் போகிறவருக்கு விபிஎன் போதும். அதைவிட முக்கியம், தடை போட்ட பிறகும் படம் அந்த சர்வரில் அப்படியேதான் இருக்கும். அதில் இருக்கும் குழந்தைக்கு எதுவும் மாறவில்லை. ஜெர்மனி 2009இல் தடைச் சட்டம் நிறைவேற்றி, ‘தடுக்காதே, அழித்துவிடு’ என்ற குரல் வலுத்ததால் 2011இல் அதைக் கைவிட்டது.

இருக்கும் இடத்திலேயே அழிக்கப் புகார் வேண்டும். அது நம் கையில் இருக்கிறது. இத்தகைய படத்தைப் பதிவிறக்கி வைத்திருப்பது மட்டுமே குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தால், பகிரும் நோக்கம் இருப்பதாகவே கருதப்படலாம். ஆகவே, குழுவில் இப்படி ஒரு படம் வந்தால், ‘பாருங்க இந்த அநியாயத்தை’ என்று கோபத்தில்கூட யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அதுவும் சிக்கல்தான். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098.