எண்ணெய்யும் கடப்பாடும்: இந்தியத் தேசிய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் 'சமூகப் பொறுப்பு' பற்றிய ஒரு நோக்கு

'கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு' என்னும் தொடர் அண்மைக்காலப் பொருளியல் எழுத்துக்களிலும் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலும் பெருவழக்குப் பெற்றுள்ளது. இக்கருத்து ஐக்கிய அமெரிக்கத் தனியார் முதலாளித்துவச் சூழலிலே தோன்றியது. ஹோவார்ட் போவன் 1953 இல் வெளியிட்ட நூல் வணிகரின் சமூகப் பொறுப்புக்களை ஆராய்ந்தது. 1970 இல் மில்ரன் பிறீட்மன் இதனை வன்மையாக எதிர்த்தார். கம்பனி நிர்வாகி பங்குதாரரின் ஊழியன். அவர்களது பணத்தைப் பொதுநலத்திற்கு எடுத்து வழங்க அவனுக்கு உரிமையில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். இரு தரப்பினரும் தனியார் உடைமையை முன்வைத்தே பேசினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பங்குதாரர் நலன், பொதுநலன் என்ற இரண்டும் வேறு வேறாக நிற்குமிடத்திலேதான் அவற்றை இணைக்கும் பாலமாக இக்கருத்துத் தேவைப்படுகின்றது. அவ்வாறாயின், பொதுமக்களின் பெயரால் அரசே உடைமை பூண்டுள்ள ஒரு நிறுவனத்தில் இதற்கு என்ன பொருள்? ஈழத்துத் தமிழ் வழக்கிலே 'கூட்டுத்தாபனம்' என்றதும் அரச நிறுவனமே நினைவுக்கு வரும். ஆங்கிலச் சொல்லோ இரண்டையும் ஒன்றாகவே குறிப்பது. இச்சொல் மயக்கத்தின் பின்னே ஒரு பொருள் மயக்கமும் உண்டு. இந்தியாவின் எண்ணெய், இயற்கைவாயுக் கூட்டுத்தாபனம் (தமிழகத்து மக்கள் வாயில் 'ஓ.என்.ஜி.சி.') அதனை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இந்நிறுவனம் பிறந்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். சுதந்திரம் பெற்ற இந்தியாவில் எண்ணெய் வணிகம் பேர்மா ஷெல், எஸ்ஸோ, கால்ரெக்ஸ் ஆகிய அந்நியக் கம்பனிகளின் பிடியிலே இருந்தது. 1956 ஏப்பிரலில் வெளியான கைத்தொழிற் கொள்கைத் தீர்மானம் எண்ணெய்யின் எதிர்கால வளர்ச்சியை அரசின் பொறுப்பில் வைத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 14 ஆம் தேதி எண்ணெய், இயற்கைவாயு ஆணைக்குழு நிறுவப்பட்டது. 1959 இல் பாராளுமன்றச் சட்டத்தின்வழி அது நியதிச்சட்ட சபையாயிற்று. அமைச்சர் கே. டி. மாளவியாவின் விடாமுயற்சியும் சோவியத் நிபுணர்களின் தொழில்நுட்ப உதவியும் இதன் பின்னணியில் இருந்தன. 1958 இல் காம்பேயிலும், 1960 இல் அங்கலேஷ்வரிலும் அஸ்ஸாமின் ருத்திரசாகரிலும், 1974 இல் பம்பாய்க் கடற்பரப்பிலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அக்காலத்தில் இந்த ஆணைக்குழுவிடம் 'சமூகப் பொறுப்பு' என்று தனியானதொரு செலவுத் தலைப்பை எவரும் எதிர்பார்க்கவில்லை. எண்ணெய்யை அந்நியர் கையினின்று மீட்பதும், அதன் உபரியைத் தேசிய வளர்ச்சிக்குத் திருப்புவதுமே அதன் சமூகப் பணியாகக் கருதப்பட்டன.

1990களில் நிலைமை மாறியது. தாராளமயக் கொள்கையின் விளைவாக ஆணைக்குழு 1993 இல் கம்பனியாகப் பதிவு செய்யப்பட்டு, 1994 பெப்ரவரி முதல் அவ்வுருவிலே இயங்கத் தொடங்கிற்று. அரசின் பங்குகள் சிறிது சிறிதாக விற்கப்பட்டன. 2004 மார்ச்சில் மட்டும் பத்துச் சதவீதம் விற்பனையாயிற்று. இப்பொழுது அரசின் நேரடிப் பங்கு ஏறத்தாழ 59 சதவீதம். எஞ்சியவை ஏனைய அரச நிறுவனங்களிடமும் தனியார், அந்நிய முதலீட்டாளரிடமும் உள்ளன. முன்னர் முழுவதும் பொதுவாயிருந்த உபரி, இவ்வாறு பங்கிலாபம் எதிர்பார்ப்போரின் கணக்காகவும் ஆயிற்று. 'சமூகப் பொறுப்பு' என்னும் தனித்தலைப்பு இதற்குப் பின்னரே முக்கியத்துவம் பெறுகின்றது. 2010 இல் பொதுத்துறை நிறுவனங்களுக்கான வழிகாட்டற் குறிப்புக்கள் வந்தன. 2013 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம், 135 ஆம் பிரிவின் மூலம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் யாவும் முந்திய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் இரண்டு சதவீதத்தை இப்பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. 2014 ஏப்பிரல் முதலாம் தேதி இது நடைமுறைக்கு வந்தது.

இவ்விதியை உலகின் முன்னோடிச் சட்டமெனப் புகழ்வோர் உளர். ஆயினும் அதன் விதிமுறைகளில் உள்ள ஒரு வரையறை போதிய கவனத்தைப் பெறவில்லை. கம்பனியின் வழமையான தொழிற்பாட்டினுள் அடங்கும் செயல் எதனையும் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கிட முடியாது. தன் தொழிலுக்கு வேண்டிய செலவையே அறச்செலவாகக் காட்டி ஏய்ப்பதைத் தடுக்கவே இவ்வரையறை வகுக்கப்பட்டது. நோக்கம் நியாயமானதே. ஆனால் இதன் மறுபக்கம் என்ன? பழுதடைந்த குழாயை மாற்றுதல், கசிவினாற் கெட்ட வயலைச் சீர்செய்தல், நிலமிழந்தோனுக்கு நட்டஈடு வழங்குதல் ஆகியன தொழிலோடு இணைந்த கடமைகள். ஆதலின் அவை 'சமூகப் பொறுப்பு' ஆகமாட்டா. எதனைச் செய்யக் கம்பனி கடமைப்படவில்லையோ அதுவே இத்தலைப்பின்கீழ் வரும். கடப்பாடு ஒரு கணக்கிலும் கொடை இன்னொரு கணக்கிலுமாகப் பிரிகின்றன. விளம்பரப் பலகையில் இடம்பெறுவது கொடைக் கணக்கு மாத்திரமே.

கடப்பாட்டுக் கணக்கின் நிலை எத்தகையது என்பதற்குக் காவிரிப் படுகை சான்று பகரும். எண்ணெய்க் குழாய்கள் நிலத்தினூடே செல்வதற்கு 1962 ஆம் ஆண்டின் பெற்றோலியக் குழாய்வழிச் சட்டம் வழிசெய்கின்றது. இச்சட்டம் நிலத்தின் உடைமையைப் பறிப்பதில்லை. பயன்படுத்தும் உரிமையை மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. நிலம் உழவனின் பெயரிலேயே இருக்கும். அதில் அவன் முன்போலப் பயிரும் செய்யலாம். ஆனால் குழாய் செல்லும் கீற்றில் அவன் வீடு கட்டலாகாது, கிணறோ குளமோ தோண்டலாகாது, மரம் நடலாகாது. இவ்வுரிமை இழப்புக்காகச் சட்டம் நிர்ணயிக்கும் ஈடு நிலத்தின் சந்தை விலையிற் பத்துச் சதவீதம். பயிரழிவு முதலிய சேதங்களுக்கு வேறாக ஈடு உண்டு. கிணறு தோண்ட முடியாத வயலின் பெறுமதி பத்துச் சதவீதம் மட்டுமே குறைந்துவிடும் என்று கணக்கிட்டவர்கள் வேளாண்மையை அறிந்தவர்களாக இருந்திருக்க முடியாது. காவிரி நீர் காலத்துக்கு வந்து சேராத ஆண்டுகளில் டெல்டா உழவனுக்கு நிலத்தடி நீரே கதி என்பதை நினைவிற்கொண்டால் இதன் பாரதூரம் விளங்கும்.

தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்திலே 2017 யூன் 30 ஆம் தேதி ஓ.என்.ஜி.சி. குழாயொன்றில் ஏற்பட்ட கசிவு வயலிற் பரவியது. மக்கள் மறியல் செய்தனர். அவ்விடத்திலே தீயும் மூண்டது. பொலிசார் குண்டாந்தடிப் பிரயோகம் செய்து பலரைக் கைது செய்தனர். அதன் பின்னர் நெடுநாள் நீடித்த போராட்டத்தில் அவ்வூரார் பாடசாலைக் கட்டடமோ மருத்துவ முகாமோ கேட்கவில்லை. தமது நிலமும் நீரும் பாதுகாக்கப்பட வேண்டும், கிணறுகள் மூடப்பட வேண்டும் என்றே கேட்டனர். கோரிக்கை கடப்பாட்டுக் கணக்கைச் சார்ந்தது; அதற்கு விடையாகக் கொடைக் கணக்கினின்று எதனை எடுத்து நீட்டினாலும் அது பொருந்தாது. ஆந்திர மாநிலத்துப் பசர்லபூடியில் 1995 யனவரியில் வெடித்தெழுந்த கிணறு இரண்டு மாதங்களுக்கு மேலாக எரிந்தது. சுற்றுப்புற மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அஸ்ஸாமின் சிவசாகர் மாவட்டத்திலே 2025 யூனில் ஒரு கிணற்றினின்று வெளியேறிய வாயுவைக் கட்டுப்படுத்த ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சென்றன. அங்கும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

அஸ்ஸாமின் அனுபவம் இதைவிடப் பழையது. அங்கு அகழப்படும் எண்ணெய்யைப் பிகாரின் பரௌனிக்குக் குழாய்வழி கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்டபோது, சுத்திகரிப்பாலை தம் மண்ணிலேயே அமைய வேண்டுமென 1950களிலேயே குரலெழுந்தது. 1979 இன் இறுதியில், வெளியார் குடியேற்றத்துக்கு எதிரான இயக்கத்தின் ஓர் அங்கமாக, எண்ணெய் வெளியேறாவண்ணம் மறியல் தொடங்கியது. 'குருதி தருவோம், எண்ணெய் தரோம்' என்பது அதன் முழக்கம். அவ்வியக்கத்தின் குறுகிய இனவாதப் போக்குகள் கண்டிக்கத்தக்கன. எனினும் எண்ணெய் தொடர்பாக அது எழுப்பிய கேள்விகளான உரிமைப்பணம், சுத்திகரிப்பு, வேலைவாய்ப்பு என்பன வளத்தின் பங்கீடு பற்றியவை என்பதை மறுத்தற்கில்லை.

இனி, சமூகச் செலவு என்ற வகையிலே இந்நிறுவனம் செய்தவற்றுள் மிகப்பெரியது எது என்று கேட்போமாயின், விடை எதிர்பாராத இடத்திற் கிடைக்கின்றது. 2003-04 முதல் சுமார் பத்தாண்டுகள், மண்ணெண்ணெய்யும் சமையல் வாயுவும் டீசலும் அடக்க விலைக்குக் குறைவாக விற்கப்படும் பொருட்டு, ஓ.என்.ஜி.சி. தன் மசகெண்ணெய்யைச் சந்தை விலையினும் குறைத்து அரச சுத்திகரிப்புக் கம்பனிகளுக்கு வழங்கிற்று. 2013-14 ஆம் ஆண்டில் மாத்திரம் இவ்வாறு விட்டுக்கொடுத்த தொகை 56,000 கோடி ரூபாவுக்கும் மேல். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டில் (2014-15) அதன் 'சமூகப் பொறுப்பு'ச் செலவு ஏறத்தாழ 495 கோடி ரூபா. அதுவும் விதிக்கப்பட்ட தொகையான ஏறத்தாழ 660 கோடியை எட்டவில்லை. நூறு மடங்குக்கு மேற்பட்ட முன்னைய தொகையை எவரும் சமூகப் பொறுப்பு என அழைத்ததில்லை. பங்குச் சந்தை ஆய்வாளர்கள் அதனைச் 'சுமை' என்றனர். அந்த மானியத்தின் பயன் முழுவதும் ஏழைகளைச் சென்றடைந்தது என்று சொல்லவும் முடியாது. டீசலின் மலிவு மோட்டார்க்கார் உடையோருக்கும் பயன்பட்டது. மேலும், மாநிலங்களுக்குரிய உரிமைப்பணம் குறைக்கப்பட்ட விலையின் மீதே கணக்கிடப்பட்டமையால், எண்ணெய் பெறப்பட்ட மாநிலங்களும் அச்சுமையிற் பங்குகொள்ள நேர்ந்தது. குயராத் அரசு இதனை எதிர்த்து வழக்காடி 2013 இல் உயர்நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. இக்குறைகள் இருப்பினும், ஒரு பொது நிறுவனத்தின் சமூகப் பங்கு அதன் விலைக் கொள்கையிலும் உற்பத்தியிலும் அடங்கியுள்ளதென்ற உண்மையை இத்தொகை எடுத்துக்காட்டுகின்றது.

இரண்டு சதவீதம் எங்கே செல்கின்றது? நற்பணிகள் இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. சிவசாகரில் இந்நிதியினால் எழுந்த பல்துறை மருத்துவமனை மேல் அஸ்ஸாமின் மக்களுக்கு உண்மையான பயனளிப்பது. 2014 இன் பின் அரசின் பணிப்பின்பேரில் பொதுத்துறை நிறுவனங்கள் பாடசாலைகளிற் கட்டிய மலசலகூடங்களையும் குறிப்பிடலாம். ஆயினும் 'அரசின் பணிப்பின்பேரில்' என்ற தொடரைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். தான் இயங்கும் பிரதேசத்துக்கே முதன்மை தரவேண்டுமெனச் சட்டம் கூறுகின்றது. நடைமுறையிலோ பெரும் பங்குதாரரான மத்திய அரசின் விருப்பமே பல வேளைகளில் முதன்மை பெறுகின்றது. நர்மதைக் கரையில் 182 மீற்றர் உயரத்தில் எழுப்பப்பட்ட வல்லபாய் பட்டேல் சிலைக்கு ஐந்து அரச எண்ணெய் நிறுவனங்கள் 146.83 கோடி ரூபா வழங்கின, அதில் ஓ.என்.ஜி.சி.யின் பங்கு 50 கோடி. 2018 இல் வெளியான இந்தியக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, புதிதாக எழுப்பப்படும் சிலை மரபுரிமைச் சொத்தாகாது என்றும், இதனைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கருத முடியாது என்றும் சுட்டியது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்திலே, பிரதமரின் பெயரால் அமைந்த புதிய நிதிக்கு வழங்குவது சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்பட்டது. ஓ.என்.ஜி.சி. அதற்கு 300 கோடி ரூபா அளித்தது. அடுத்த மாதத்திலே, மாநில முதலமைச்சர்களின் நிவாரண நிதிகளுக்கு வழங்குவது அவ்வாறு ஏற்கப்படமாட்டாது என அமைச்சு விளக்கம் வெளியிட்டது. எண்ணெய் அகழப்படுவது மாநிலங்களின் மண்ணிலே. முடிவு எடுக்கப்படுவது தில்லியிலே.

உடைமையாளனான அரசு இந்நிறுவனத்தை வேறு வகையிலும் பயன்படுத்தியுள்ளது. 2018 யனவரியில் இந்துஸ்தான் பெற்றோலியம் நிறுவனத்தில் அரசுக்கிருந்த 51.11 சதவீதப் பங்குகளை ஓ.என்.ஜி.சி. 36,915 கோடி ரூபா கொடுத்து, பெருமளவு கடன்பட்டு, வாங்கிற்று. அரசின் பங்கு விற்பனை இலக்கு நிறைவேறியது. கைமாற்றம் அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்கே நிகழ்ந்ததாயினும், வட்டி செலுத்துவது நிறுவனமே. அது குழாய் மாற்றுவதற்கும் பாதுகாப்புக்கும் கிடைக்கக்கூடிய பணமுமாகும்.

நிலக்கரி முதலிய கனிமங்களின் விடயத்தில் இந்தியச் சட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டுள்ளது. 2015 இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் ஒரு மாவட்டக் கனிம மன்றம் அமைக்கப்படும். சுரங்க நிறுவனங்கள் உரிமைப்பணத்தோடு அதன் ஒரு விகிதத்தை அம்மன்றத்துக்குக் கட்டாயமாகச் செலுத்தவேண்டும். அத்தொகை சுரங்கத்தாற் பாதிக்கப்பட்ட மக்களுக்கெனவே ஒதுக்கப்பட்டது. அதன் செயற்பாட்டிலும் ஊழலும் மந்தமும் உண்டு. எனினும் அது நிறுவனத்தின் இலாபத்தையோ தாராள மனத்தையோ பொறுத்ததன்று. தோண்டிய அளவைப் பொறுத்தது. அச்சுரங்கச் சட்டம் கனிம எண்ணெய்களைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கியுள்ளது. ஆகவே தன்பாத்தின் நிலக்கரிக் கிராமத்துக்குச் சட்டப்படி உரிய பங்கு சிவசாகரின் எண்ணெய்க் கிராமத்துக்கு இல்லை, கதிராமங்கலத்துக்கும் இல்லை. அங்கு எஞ்சியிருப்பது விண்ணப்பம் எழுதி இரண்டு சதவீதத்தில் ஒரு துளியை வேண்டுவதே. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் வலயமாக்கிய 2020 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடைசெய்தது. அதற்கு முன்னரே இயங்கிவந்த கிணறுகளையும் அவற்றின் குழாய்களையும் அது தொடவில்லை.