சிலேட்டில் அழிந்த வரிகள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த ஓட்டு வீட்டைத் தேடி வருகிறவர்கள், ஒருமுறையாவது தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். அவ்வளவு ஒடுக்கம். ஒரு திண்ணை, கூடம், சமையலறை, கொல்லையில் கிணறு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்தது இங்கேதான்.

1887 டிசம்பர் 22-ல் பிறந்தது ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடினார். வரும்படி போதாமல், கல்லூரி மாணவர்களுக்கு இடம் கொடுத்துச் சாப்பாடும் போட்டார்கள். குடியிருந்த இருவருக்குத் தெரிந்த கணிதத்தையெல்லாம் 11 வயதுக்குள் பையன் கறந்துவிட்டான்.

தெருவைப் பார்த்த அறையில் ஒரு ஜன்னல், அதை ஒட்டி ஒரு கட்டில். அந்த ஜன்னலோரம்தான் அவர் சிலேட்டோடு உட்காரும் இடம். காகிதம் வாங்கக் காசில்லை. துணியைத் தேடப் பொறுமையில்லை, முழங்கையாலேயே துடைப்பார். தோல் தடித்துக் கறுத்துவிட்டதாம். கணக்கு முடிந்ததும் விடை மட்டும் நோட்டுக்குப் போகும்.

வழி எழுதாத விடைக்கு நம் பள்ளிகளில் மதிப்பெண் கிடையாது. ராமானுஜனின் நோட்டுகள் முழுக்க அப்படிப்பட்ட விடைகள்தான். அவற்றுக்கு நிரூபணம் தேடி, அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது. சிலேட்டில் அழிந்த வரிகளுக்கு உலகம் கொடுத்த விலை அது.

2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வீட்டை வாங்கிப் பழமை கெடாமல் செப்பனிட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூல நோட்டுகள் இங்கே இல்லை. அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு குடும்பமும் குடியிருந்த மாணவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்ததை எந்த நோட்டும் சொல்லாது. ஜன்னலோரத்துக்கு அவர் ஏன் ஒதுங்கினார் என்பது கூடத்தில் நின்று பார்த்தால் புரிந்துவிடும்.

ராமானுஜன் வாழ்ந்தது 32 ஆண்டுகள். அதனால்தான் 2005 முதல் அந்தப் பல்கலைக்கழகம் அவர் பெயரில் தரும் பரிசுக்கும் 32 வயதே வரம்பு. மஞ்சுல் பார்கவா, டெரன்ஸ் டாவ், அக்‌ஷய் வெங்கடேஷ் எல்லோரும் அதைப் பெற்றவர்கள். டிசம்பரில் கும்பகோணத்தில் விழா. விடைகளை விட்டுச் சென்றவரின் ஊருக்கு, வழி தேடுகிறவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.