ஒளி எழாவிட்டால் மருந்தாகிவிடுமா?

‘புதிய மருந்து கண்டுபிடிப்பு’ எனத் தலைப்பிட எம் போன்ற பத்திரிகையாளர் அவசரப்படுவதுண்டு. பெரும்பாலும் அது ஆய்வுகூடத்தின் முதற்சோதனை மட்டுமே.

கொவிட் வைரஸ் பெருகுவதற்குப் புரதங்களை வெட்டும் நொதியமொன்று இன்றியமையாதது. அதனைத் தடுக்கும் பொருளைத் தேடுவோர், ஒரு முனையில் ஒளிரும் பொருளும் மறுமுனையில் அவ்வொளியை விழுங்கும் பொருளும் பூட்டிய சிறு புரதத் துண்டைப் பயன்படுத்துகின்றனர். நொதியம் துண்டை வெட்டினால் ஒளி எழும், தடுக்கப்பட்டால் எழாது. ஆனால் நிறமுள்ள சேர்வையொன்று தானே ஒளியை விழுங்கியும் ஏமாற்றக்கூடும்.

2020 இல் சீன விஞ்ஞானிகள் இவ்விதம் 10,000 இற்கும் அதிகமான சேர்வைகளைச் சோதித்து, எப்செலன் உள்ளிட்ட சிலவற்றை இனங்கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கந்தகம் கொண்ட தாழ்த்தும் பொருளொன்றைச் சேர்த்துச் சோதித்தபோது எப்செலனின் தடுப்பாற்றல் மறைந்தது. அந்நொதியத்தை மட்டும் தெரிந்து பிடிப்பதன்றி, எதிர்ப்படும் கந்தகத்தையெல்லாம் பற்றிக்கொள்வதே அதன் இயல்பாக இருந்தது.