பில் கேட்ஸ் ஏன் ‘சர்’ ஆகவில்லை?

மைக்ரோசாஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸுக்கு 2005இல் பிரிட்டன் நைட் பட்டம் அளித்தது. ஆனாலும் அவர் ‘சர் பில்’ ஆகவில்லை. அவர் தோளில் அரசி வாளைத் தொட்டு வைக்கவும் இல்லை. பிரிட்டன் அரசரைத் தம் அரசராக ஏற்ற நாடுகளின் குடிமக்களுக்குத்தான் முழுப் பட்டம். மற்றவர்களுக்குக் கிடைப்பது கௌரவப் பட்டம். பெயருக்குப் பின்னால் கே.பி.இ. என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வயலின் மேதை யெஹுதி மெனுஹின் 1965இல் இப்படித்தான் பட்டம் பெற்றார். இருபது ஆண்டு கழித்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற பிறகே ‘சர் யெஹுதி’ ஆனார்.

இன்று ஆசைப்பட்டாலும் எளிதில் கிடைக்காத இந்தப் பட்டத்தைக் கண்டு ஒரு காலத்தில் ஆட்கள் ஓடி ஒளிந்தார்கள். அப்போது நைட் என்பது விருது அல்ல, வேலை. அரசரிடமோ பிரபுவிடமோ நிலம் வாங்கியவர், போர் என்றால் சொந்தக் குதிரையும் கவசமுமாகப் போய் நிற்க வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சி, வசதி இருந்தும் நைட் ஆகாமலே காலம் தள்ளியவர்கள் பலர். 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி, இவ்வளவு வருமானம் உள்ளவர் நைட் ஆகியே தீர வேண்டும், தவறினால் அபராதம் என்று ஆணையிட வேண்டியிருந்தது.

போர்முறை மாறியது. கூலிப்படைகளும் துப்பாக்கியும் வந்தபின் கவசக் குதிரைவீரருக்கு வேலை குறைந்தது. பட்டத்தின் மதிப்பு மட்டும் குறையவில்லை. அரசர்கள் அதை முன்பே கவனித்துவிட்டார்கள். 1348 வாக்கில் மூன்றாம் எட்வர்ட், தன்னையும் சேர்த்து 26 பேர் மட்டுமே கொண்ட கார்ட்டர் குழுவை நிறுவினார். அதன் சின்னம் முழங்காலுக்குக் கீழே கட்டும் ஒரு நீலப் பட்டை. நிலமாகக் கொடுத்தால் அரசு சுருங்கும்; பட்டையாகக் கொடுத்தால் ஒன்றும் குறையாது.

இதை முழு வியாபாரமாக்கியவர் முதலாம் ஜேம்ஸ். 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய சில மாதங்களிலேயே நூற்றுக்கணக்கானோரை நைட் ஆக்கினார். 1611இல் தலைமுறைக்கும் ‘சர்’ போட்டுக்கொள்ளும் பேரனெட் பட்டத்தை உருவாக்கி 1,095 பவுண்டு விலை வைத்தார். அயர்லாந்தின் அல்ஸ்டரில் 30 படைவீரர்களை மூன்று ஆண்டு பராமரிக்கும் செலவு என்பது அதற்குச் சொன்ன கணக்கு. அவர் மகன் முதலாம் சார்லஸ் இன்னும் கெட்டிக்காரர். பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, தன் முடிசூட்டு விழாவுக்கு வந்து நைட் ஆகாத நிலக்காரர்களிடம் அபராதம் வசூலித்தார். அப்பா பட்டம் கொடுத்துச் சம்பாதித்தார், மகன் பட்டம் வாங்காதவர்களிடம் சம்பாதித்தார். 1641இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. ஆனால் விற்பனை ஓயவில்லை. பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்துப் பட்டப் பேரங்கள் சந்தி சிரித்து, 1925இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. புரட்சி பரம்பரைப் பட்டங்களை ஒழித்த பிறகு, 1802இல் நெப்போலியன் லீஜியன் ஆஃப் ஆனர் விருதை ஏற்படுத்தினார். குலம் பாராமல் போர்வீரருக்கும் அறிஞருக்கும் அது கிடைத்தது. நைட்டுக்கு ஈடான ‘செவாலியே’ அதில் ஒரு படிநிலை. கலை, இலக்கியத்துக்கு 1957இல் தொடங்கிய வேறொரு பிரெஞ்சு விருதிலும் அதே படிநிலை உண்டு. 1995இல் சிவாஜி கணேசன் பெற்றது அதைத்தான். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பெயருக்கு முன்னால் போட்டு அழைப்பதில்லை. நாம் ‘செவாலியே சிவாஜி’ என்றே அழைத்தோம். சென்னையில் ஒரு சாலைக்கும் அப்படியே பெயர் வைத்தோம்.

வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பிரிட்டன் தரும் கௌரவ நைட் பட்டம் பெரும்பாலும் ராஜதந்திர மரியாதை. அதனால் உறவு கசந்தால் பட்டமும் போய்விடும். ருமேனிய அதிபர் சௌசெஸ்கு 1978இல் லண்டனுக்கு அரசு விருந்தினராக வந்தபோது பெற்ற பட்டம், 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது பறிக்கப்பட்டது. ஜிம்பாப்வேயின் முகாபேவுக்கு 1994இல் கொடுத்ததை 2008இல் திரும்பப் பெற்றார்கள்.