கண்டிப் படிகளும் காதுக்குள் உள்ள கால்வாய்களும்

கண்டி நகரில் சமதரை என்று சொல்ல ஏரிக்கரையை விட்டால் அதிகம் இல்லை. அந்த ஏரியும் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்துக் கட்டியது. அம்பிட்டிய, ஹந்தானை, பகிரவகந்த என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமும் படியும்தான். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் படிகள் பெரும் பயம். "விழுந்துடுவ மகன், நீ இரு, நான் கொண்டாறன்" என்பார் அம்மா. அன்பில் சொல்வதுதான். ஆனால் அப்படி உட்கார்ந்தே வளரும் பிள்ளைக்குத் தள்ளாட்டம் கூடும்.

நிற்கும் உடல் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. மெல்ல முன்னே சாய்கிறது, கெண்டைக்கால் தசை இழுத்து நிறுத்துகிறது, மறுபடி சாய்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தி மூளைக்கு மூன்று வழியாக வருகிறது: கண், பாதமும் மூட்டும் தசையும், உட்காது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றினுள் உள்ள திரவம் சற்றுப் பின்தங்க, அதை நுண்மயிர்கள் உணர்கின்றன. சுவரோரமாக ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். அந்த மூன்று வழிகளில் ஒன்று போனால் என்ன ஆகும் என்பது உடனே தெரியும். இச்செய்திகளைச் சேர்த்து அசைவைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பொதுவாகச் சிறுமூளை சிறியது. தசை தளர்ந்திருக்கும், மூட்டு இளகியிருக்கும். சாயும் உடலைப் பிடித்து நிறுத்துவது ஒரு நொடியின் சிறு பங்கு பிந்துகிறது. வேறு காரணங்களால் வரும் அறிவுசார் குறைபாட்டிலும் தள்ளாட்டம் பரவலாக உண்டு. முதியவர்களிடம் காணும் விழுகை இவர்களிடம் இளவயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பிறவிக் காரணத்தை மாற்ற முடியாது. பழக்கக் குறைவை மாற்றலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், சில மாதங்கள் பயிற்சி செய்தவர்களின் சமநிலை தேறியதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், விழுகை எவ்வளவு குறையும் என்று அவற்றை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பயிற்சிக்குப் பெரிய கருவி வேண்டாம். தரையில் சோக்கட்டியால் கோடு போட்டு நடப்பது, மெத்தை மேல் நின்று பந்து பிடிப்பது, கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்புவது, படி ஏறி இறங்குவது. சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்துகாட்டுவது பலன் தரும். ஒரு நேரத்தில் ஒரு அசைவு, தினமும் அதே வரிசை.

என்னைக் கேட்டால், கண்டி நடனத்தையும் இதற்கு எடுத்துக்கொள்ளலாம். கால்களை அகட்டி, முழங்காலை வெளிப்பக்கமாக மடித்து நிற்கும் 'மண்டிய' நிலையில் உடலின் பாரமையம் தாழ்கிறது, தொடைத்தசை உழைக்கிறது. 'கெட்ட பெர' மேளத்தின் தாளம் அடுத்த அடியை நினைவூட்டும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் தாளம் பிடிபடும்.

சமநிலையைச் சோதிப்பது விளையாட்டுக் களத்திலும் உண்டு. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக 1968இல் சிக்காகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் வீரர்களுக்கு இயன்மருத்துவர்கள் செய்யும் பரிசோதனையில் ஒற்றைக்கால் நிற்பும் ஒன்று. ஓடவும் நீந்தவும் வந்தவர்களிடமே அதைப் பார்க்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல்முனையிலுள்ள இரண்டு எலும்புகளின் பிணைப்பு உறுதியற்றிருக்கும். குட்டிக்கரணம், துள்ளுமெத்தை இரண்டுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனையிலும் இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையைக் கூட்டிப்போய், எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று கேளுங்கள்.